பறை பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பறை கற்றுக்கொள்கிறேன். ஆசான் வந்து சேர்வதற்குள் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு அடியை, அதாவது தாளக்கட்டை, சொல்லிக்கொடுக்கிற வேலையும் இப்போது என் தலையில் விழுந்துவிட்டது. வருகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பறையா, தப்பா, தப்பட்டையா? எது சரியான பெயர்?

எல்லாம் சரி. தஞ்சாவூர்ப் பக்கம் தப்பு என்பார்கள், ஆட்டத்தையும் தப்பாட்டம் என்பார்கள். சேலத்தில் பெரியவர்கள் வாயில் தப்பட்டை என்றுதான் வரும். ஆந்திராவுக்குப் போனால் டப்பு, கர்நாடகாவில் தமட்டெ. சேலத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய என்பதால் ஒரே தெருவில் மூன்று பெயரையும் கேட்கலாம். 'தப்பு' என்றால் பிழை என்றும் பொருள் வருவதால் அந்தப் பெயரே வேண்டாம் என்கிறவர்கள் உண்டு, அவர்கள் பறை என்றே சொல்கிறார்கள். எங்கள் குழுவிலும் அப்படித்தான்.

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் 'பறயுக' என்றால் பேசுவதுதான். ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத ஆளை வள்ளுவர் 'அறைபறை' என்கிறார், அதாவது அடிக்கிற பறை மாதிரி ஊருக்கே சொல்லிவிடுகிறவன். எங்கள் பட்டறையில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

அப்படியானால் இது சங்க காலத்து வாத்தியமா?

பெயர் அவ்வளவு பழையது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளையும் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்னால் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஆனால் இன்று நாம் தோளில் மாட்டுகிற இதே வட்டப் பறையைத்தான் அன்றும் அடித்தார்கள் என்று மேடையில் சத்தியம் செய்கிறவர்களைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அன்று பறை என்பது தோல்கருவிகள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். இலங்கையில் பறைமேளம் என்று சொல்வது இரண்டு பக்கமும் தோல் போட்ட உருளை மேளம், நம்முடையதோ ஒரு பக்கம் மட்டும் தோல் போட்ட வளையம். பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் அடிப்பது இதுதானே?

அதில் பாதி பம்பை. கோட்டை மாரியம்மன் பண்டிகையிலோ குகை என்கிற பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கையிலோ இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டி அடிக்கிறார்களே, அது பம்பை. கூடவே உடுக்கை இருக்கும். பறை வட்டமானது, தட்டையானது. சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், பம்பை உறுமும், பறை காதில் அறையும்.

எப்படிச் செய்கிறார்கள்?

வளையம் ஒரே கட்டையில் குடைந்தது என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். இல்லை, பிறை மாதிரி வளைவாக இழைத்த மூன்று துண்டுகள். மூன்று இணைப்பிலும் இரும்புத் தகடு வைத்து அடித்து ஒரு வட்டமாக்குகிறார்கள். வேம்பு நல்லது என்பார்கள், பூவரசும் பலாவும் உண்டு. குறுக்களவு 35 சென்டிமீட்டர் பக்கம் வரும், ஒரு சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரியது.

தோல் மாட்டுத்தோல், கன்றுத்தோல் என்றால் மெல்லிசாக, நாதம் கூர்மையாக இருக்கும். முடியை வழித்து, கொழுப்பைச் சுரண்டி, ஊறவைத்துப் பதமான தோலை ஈரத்தோடு வளையத்தின் மேல் இழுத்து ஒட்டுகிறார்கள். ஒட்டுவது எதில் தெரியுமா, புளியங்கொட்டைப் பசையில். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக் காய்ச்சினால் வருகிற பசை. ஆசான் ஒருமுறை எங்கள் எதிரே செய்து காட்டினார். பசையை விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்தார், நடுவில் நூல் மாதிரி இழுத்தது, "ம், இது போதும்" என்றார். நான் தொட்டபோது எனக்கு வெறும் கூழாகத்தான் தெரிந்தது. பற்றவைக்கும்போது வெள்ளி எந்த நொடியில் ஓடும் என்று எனக்குக் கண்ணாலேயே தெரியும், இது அவருக்கு விரலில் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒட்டிய பிறகு அவசரப்படக்கூடாது. காயும்போது தோல் தானே சுருங்கி இறுகும், ஒரு பக்கம் அதிகமாக இழுத்து ஒட்டியிருந்தால் வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம் வேறு சுரம் பேசும்.

வாசிக்கும் முன் ஏன் தீயில் காட்டுகிறீர்கள்? சடங்கா?

சடங்கு இல்லை, சுருதி சேர்க்கிறோம். மிருதங்கத்துக்கு வார் இருக்கிறது, இழுத்துக் கட்டலாம். பறையில் திருகவோ இழுக்கவோ எதுவும் கிடையாது. தோல் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், சூட்டில் காட்டினால் ஈரம் போய் இறுகும், நாதம் மேலே ஏறும். வைக்கோல், காய்ந்த தென்னை ஓலை, பழைய பேப்பர், எது கிடைக்கிறதோ அதைக் கொளுத்தி, தோல் பக்கத்தைத் தீக்குக் காட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பொசுங்கும், மிஞ்சிப் போனால் 'பட்'டென்று வெடித்தே விடும். நடுவில் எடுத்து விரலால் சுண்டிப் பார்க்கவேண்டும். முதலில் 'தொப்' என்று வரும், அப்புறம் 'தம்', அப்புறம் ஒரு நொடியில் 'டங்' என்று உலோகம் மாதிரி ஒலிக்கும். அந்த 'டங்' வந்ததும் தீயை விட்டு விலகிவிடவேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் அடிதான் கேட்கிறார்கள், எங்கள் ஆசான் முதல் மாதம் காய்ச்சத்தான் விடுவார்.

இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது ஏற்காட்டில். ஒரு கல்யாண வரவேற்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள், ஐப்பசி மாதம். கீழே அஸ்தம்பட்டியில் நல்ல வெயில், அங்கேயே காய்ச்சி எடுத்து வேனில் வைத்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே வேனை விட்டு இறங்கியபோது பத்தடி தூரத்தில் நிற்கிற ஆள் தெரியாத பனி. பறையை எடுத்து ஒரு தட்டு தட்டினேன், சப்பாத்தி மாவில் அறைந்த மாதிரி இருந்தது. ஆசான் சிரித்துக்கொண்டே "தோலுக்கு ஜலதோஷம்டா" என்றார். புல்வெளியில் தீ மூட்டக்கூடாது என்று அந்த இடத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் சமையல்காரரிடம் கெஞ்சி, பாயசம் இறக்கிய விறகடுப்பின் கங்கில் ஒன்பது பறையையும் ஒவ்வொன்றாகக் காட்டி எடுத்தோம். கால் மணி நேரம் தாங்கியது, திரும்பவும் தொய்ந்தது, திரும்பவும் அடுப்படிக்கு ஓடினோம். மலைக்கு மேலே நிகழ்ச்சி என்றால் இப்போதெல்லாம் தீ மூட்ட இடம் உண்டா என்பதுதான் நான் கேட்கிற முதல் கேள்வி.

அந்தத் தொல்லைக்கு ஃபைபர் பறை வாங்கிவிடலாமே?

வாங்கலாம். இரும்பு வளையம், ஃபைபர் தோல், மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், மாட்டுத்தோல் வேண்டாம் என்கிறவர்களுக்கும் நல்ல வழி. சத்தமும் அதிகம். ஆனால் எல்லா அடியும் ஒரே மாதிரி கத்தும், தோல் பறையில் ஓரத்துக்கும் நடுவுக்கும் இருக்கிற வித்தியாசம் அதில் பாதிதான் வருகிறது. ஏற்காட்டுக்குப் பிறகு நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

எதற்கு இரண்டு விதக் குச்சி?

வலது கையில் அடிக்குச்சி, 18 சென்டிமீட்டர் பக்கம், குட்டையாகத் தடியாக இருக்கும். இடது கையில் சுண்டுகுச்சி, மூங்கிலைப் பிளந்து இழைத்தது, நீளமாக மெல்லிசாக, 28 சென்டிமீட்டர் பக்கம் வரும். பறை இடது தோளில் தொங்கும், மேல்கை அதை உடம்போடு அணைத்திருக்கும். சுண்டுகுச்சி மேலிருந்து தோலில் படுத்தபடி சுள்ளென்று விழும், அடிக்குச்சி நடுவில் இறங்கும். முதல் மூன்று வாரம் இடது கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வரும், அதைக் கிள்ளாதீர்கள். இடதுகைக்காரர்கள் அப்படியே மாற்றிப் பிடித்துக்கொள்ளலாம்.

சாவு மேளத்தை வீட்டுக்குள் வைக்கலாமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் அம்மா. நான் பறை வாங்கி வந்த அன்று வாசலிலேயே நிறுத்தி, "இதை உள்ளே கொண்டு வந்தால் நான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார். மூன்று மாதம் அது மாடிப்படிக்குக் கீழே சைக்கிளோடு இருந்தது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கோயிலில் பூச்சாட்டு என்றால் ஊருக்கு அறிவிக்க இது வேண்டும். சாமி புறப்பட, பொங்கல் வைக்க, காளை ஓட, கல்யாண ஊர்வலம் போக இது வேண்டும். அடிகளின் பெயரைப் பாருங்கள்: சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, வாழ்த்தடி, மாரடி, மருள் அடி, ஒத்தையடி, இப்போது சினிமா அடிகூட உண்டு. சாவுக்கு அடிப்பது இதில் ஒரு பங்கு. நாதஸ்வரத்தை மங்கலம் என்று மண்டபத்துக்குள் உட்காரவைத்துவிட்டு, பறையை மட்டும் சாவோடு சேர்த்து வெளியே நிறுத்தியதற்குத் தோல் காரணமில்லை, மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது. அடிக்கிற ஆள் யார் என்பதுதான் காரணம்.

அம்மா அப்போது பதில் சொல்லவில்லை. அடுத்த ஆடியில் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது எங்கள் குழு வாசித்தது, அன்றைக்கு ராத்திரி பறை படிக்கட்டுக்குக் கீழே இல்லை, பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. யார் மாட்டினார்கள் என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் பெரியவர்கள் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை நீங்கள் ஏன் எடுத்து மாட்டிக்கொள்கிறீர்கள்?

இதை ஒரு தம்பி கேட்டார், வாழப்பாடிப் பக்கம். கோபமாகத்தான் கேட்டார், கேட்கவேண்டிய கேள்வி.

சேலம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பறை அடித்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர், ஆதிதிராவிடர் மக்கள். விரும்பி அடித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அடித்தே ஆகவேண்டும் என்று ஊர் வைத்திருந்தது. சாவுச் செய்தி சொல்லப் போவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போவது எல்லாம் ஒரே கட்டு. கூலி என்று பேசிய காசு கிடையாது, களத்தில் கொஞ்சம் தானியம், கொஞ்சம் சாராயம். அதனால்தான் எத்தனையோ ஊர்களில் இனி அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே போட்டார்கள், சிலர் கொளுத்தினார்கள், அதற்காக அடியும் ஊர்விலக்கமும் வாங்கினார்கள். ஒருவரைச் சாதியைச் சொல்லிக் கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம், ஆனால் பறையைக் கீழே போட்டவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்கவில்லை.

அதே மக்களின் பிள்ளைகள்தான் பிறகு இதைத் திரும்பக் கையில் எடுத்தார்கள், இந்த முறை மேடையிலும் போராட்டத்திலும், சாவு வீட்டில் அல்ல. வேண்டாம் என்றதும் அவர்கள் முடிவு, வேண்டும் என்றதும் அவர்கள் முடிவு. நான் இரண்டிலும் இல்லாத வீட்டில் பிறந்தவன். என் தாத்தா காலத்தில் எங்கள் தெரு யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தத் தம்பியிடம் நான் நியாயம் பேசவில்லை. கற்றுக்கொடுக்கிறவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம், நிகழ்ச்சி என்றால் மேடையில் அவர் பெயர்தான் முதலில் வரும், சாவுக்கு வாசிக்கச் சொல்லி அவரை யாரும் கேட்கக்கூடாது, அவராகப் போனால் அது அவர் விருப்பம், இதுதான் எங்கள் ஏற்பாடு என்று சொன்னேன். "அது போதாது" என்றார். போதாதுதான்.

தண்டோரா போடுவதும் இதுதானா?

கருவி பல இடங்களில் இதுவே. ஊர் ஊராகப் போய்ப் பறையடித்து அரசாங்க அறிவிப்பைச் சொல்வது நம் காலம் வரைக்கும் இருந்தது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, இனி தண்டோரா கூடாது, ஒலிபெருக்கி வைத்து அறிவியுங்கள் என்று கலெக்டர்களுக்கு எழுதினார். ஒரு கலை போய்விட்டதே என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்தேன். அவ்வளவு வருத்தமாக இருந்தால் ஒருநாள் வெயிலில் தெருத்தெருவாக அவர்களே அடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

பெண்கள் வாசிக்கலாமா?

இதை இன்னும் கேட்கிறீர்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள்தான் அடிக்கிறார்கள், பல வருஷமாக. எங்கள் குழுவிலும் பதினான்கு பேரில் ஆறு பேர் பெண்கள், சலங்கை கட்டி வரிசை மாறும்போது கால் தப்பாதவர்கள் அவர்கள்தான். தப்புவது நான்.

எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?

ஒத்தையடியை ஒரே ஞாயிறில் பிடித்துவிடலாம். ஆடிக்கொண்டே அடிப்பது வேறு விஷயம், கை ஒரு கணக்கிலும் கால் இன்னொரு கணக்கிலும் போகும், வாயால் சொல்லிச் சொல்லித்தான் அது உடம்பில் ஏறும். எங்கள் ஆசான் எழுதிக்கொடுக்கமாட்டார். "ஜன் ஜனக்கு ஜனக்கு" என்று வாயால் சொல்வார், நாமும் திருப்பிச் சொல்லவேண்டும், வாயில் தடுக்கினால் கையிலும் தடுக்கும். வீட்டில் பழக ஒரு பழைய ஸ்கூட்டர் டயர் போதும்.

இப்படி வாயாலேயே கற்று, ஏட்டுப் படிப்பில்லாமல் பெரிய ஆசான் ஆனவர்கள் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்து அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்தி வந்த அன்று எங்கள் ஆசான் டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார், அவர் சொல்லி நான் பார்த்த முதல் டீ அது.

எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவீர்களா? சும்மா ஒரு பத்து நிமிஷம்தானே?

வருவோம், சும்மா வரமாட்டோம். பத்து நிமிஷத்துக்கும் ஒருநாள் கூலி போகிறது. தொகையை முன்பே பேசிக்கொள்வோம், குடித்துவிட்டு வந்து நடுவில் ஆடிக் குச்சியைப் பிடுங்குகிறவர்கள் இருந்தால் நிறுத்திவிடுவோம். அப்புறம் சாப்பாடு. ஏற்காட்டுக் கல்யாணத்தைச் சொன்னேனே, அங்கே நாதஸ்வரக்காரர்களுக்குப் பந்தியில் இலை போட்டார்கள், எங்களுக்குப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பேப்பர் தட்டில் கொடுத்தார்கள். ஒரு வார்த்தையும் தப்பாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். ஆசான் தட்டை வாங்காமல் வேனில் போய் உட்கார்ந்துவிட்டார், நாங்களும் பின்னாலேயே போனோம். கீழே வந்து கோரிமேட்டில் பரோட்டா சாப்பிட்டோம். அதிலிருந்து கூப்பிடுகிறவர்களிடம் எந்தப் பந்தியில் சாப்பாடு என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். சிலர் அதோடு போனை வைத்துவிடுவார்கள், அதுவும் நல்லதுதான்.

பக்கத்து வீட்டில் திட்டுகிறார்கள், என்ன செய்வது?

திட்டத்தான் செய்வார்கள், இது வீணை இல்லை. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த இடத்தில் அடிப்பது சட்டப்படியே கூடாது. பகலிலும் வீட்டுக்குள் அடித்தால் உங்கள் காதுக்குத்தான் முதல் கேடு, காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளிக்குப் போய்விடுவது நல்லது.

பறையை எப்படிப் பத்திரப்படுத்துவது?

சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். வெயிலில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டுப் போகாதீர்கள், தானே இறுகி ஓரம் பிய்ந்துவிடும். எல்லாவற்றையும் விட எலி. அதற்குத் தோலும் பிடிக்கும், புளியங்கொட்டைப் பசையும் பிடிக்கும். அந்த மூன்று மாதம் படிக்கட்டுக்குக் கீழே இருந்தபோது என் பறையின் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கடித்து வைத்திருந்தது, ஆசான் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார், அந்த இடத்தில் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் கரகரக்கும். உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள்.

சரி, நான் வருகிறேன். என்ன கொண்டு வரவேண்டும்?

முதல் நாள் பறை வேண்டாம், எங்களிடம் இருக்கிறது. காலுக்குச் செருப்பும் வேண்டாம், தரையில்தான் ஆடவேண்டும். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, அப்புறம் ஒரு கட்டு பழைய நியூஸ்பேப்பர். வழவழப்பான கலர் பேப்பர் வேண்டாம், அதில் சூடு வராது, புகைதான் வரும்.